எண் வந்துவிட்டது, சேதி வரவில்லை

ஆய்வகமும் வார்டும் ஒரே கணினி வலையில் இருக்கின்றன. ஒரே மேசையில் உட்காருகின்றனவா?

டெங்கு சீசனில் ஓர் இரவு. காய்ச்சல் வார்டின் கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு ரிசல்ட்: பிளேட்லெட் 18,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டைத் தேடுகிறார். நோயாளியின் மைத்துனர் ரத்த வங்கிக்கு ஓடுகிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட “ஓ பாசிட்டிவ் அவசரம்” அதற்குள் பத்து ஊர் தாண்டிவிட்டது.

இரண்டு மாடி கீழே, ஆய்வகத்தில் இருக்கும் டெக்னீஷியனுக்கு விஷயம் தெரியும். இயந்திரம் சொன்னதை நம்பாமல் ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார். நோயாளிக்குப் பிளேட்லெட் தாராளமாகவே இருக்கிறது. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் இ.டி.டி.ஏ., சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அனலைசர் தனித்தனி அணுக்களைத்தான் எண்ணும். கொத்தாக நிற்பவை கணக்கில் வராது. இதை அவர் ரிப்போர்ட்டின் ‘குறிப்பு’ கட்டத்தில் ஒழுங்காக டைப் செய்து, நீல மூடி சிட்ரேட் ட்யூபில் மறு சாம்பிள் அனுப்பச் சொல்லியும் இருக்கிறார்.

வார்டுத் திரையில் அந்தக் கட்டமே இல்லை. சோதனையின் பெயர், எண், நார்மல் அளவு என மூன்று பத்திகள்தான். குறிப்பைப் படிக்க வேண்டுமானால் இன்னொரு பக்கத்தைத் திறக்க வேண்டும். நாற்பது நோயாளிகளைக் கையில் வைத்திருக்கும் டாக்டர் அதைத் திறக்கமாட்டார். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

இது குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையில் நடந்த கதை இல்லை. எங்கும் நடக்கக்கூடியதைக் கோத்துச் சொன்னது. இ.டி.டி.ஏ.வால் வரும் இந்தப் பொய்க் குறைவு ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு நேரும். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு ரத்த அணுக்களை எண்ணும் பெரிய ஆஸ்பத்திரியில் இது அபூர்வம் இல்லை, அன்றாடம். (18,000 என்பது உண்மையாகவே இருந்தாலும், ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு 10,000க்குக் கீழே போகும்வரை பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை என்பதுதான் தேசிய வழிகாட்டுதல். ஆனால் சிவப்பு எழுத்தைப் பார்த்த உறவினரிடம் அதை யார் விளக்குவது?)

சிட்ரேட் ட்யூபிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்துத் திரவம் என்பதால் ரத்தம் சற்று நீர்த்துவிடும். வருகிற எண்ணை 1.1ஆல் பெருக்கினால்தான் சரியான கணக்கு. பெருக்குவது யார்? இயந்திரமா, மென்பொருளா, டெக்னீஷியனா, டாக்டரா? இரண்டு பேர் பெருக்கிவிட்டால்? ஒருவருமே பெருக்காவிட்டால்? மென்பொருள் கம்பெனியின் இன்ஜினீயரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆய்வகத்தவரும் மருத்துவரும் உட்கார்ந்து முடிவு செய்து அவரிடம் சொல்ல வேண்டும். சுகாதாரத் தகவலியல் என்று இன்று பெரிய பெயரில் பேசப்படும் துறையின் அடி வேலை இந்த மாதிரிக் கேள்விகளுக்கு விடை எழுதிவைப்பதுதான். சர்வரும் சாஃப்ட்வேரும் அதற்குப் பிறகு வர வேண்டியவை. நம்மூரில் அவை முதலில் வந்துவிடுகின்றன.

ஒரு வட்டம்

ஜார்ஜ் லண்ட்பர்க் என்ற அமெரிக்க நோயியல் நிபுணர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். எந்த எண்ணைக் கண்டால் ஆய்வகம் போட்டது போட்டபடி டாக்டருக்கு போன் செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் ஒட்டியிருக்கும் ‘பேனிக் வேல்யூ’ பட்டியலுக்கு மூலம் அதுதான். 1981-ல் அவரே இன்னொரு விஷயத்தையும் சொன்னார். ஒரு பரிசோதனை மருத்துவரின் மூளையில் கேள்வியாகத் தொடங்குகிறது. சீட்டு, ஊசி, ட்யூப், இயந்திரம், ரிப்போர்ட் எனச் சுற்றி, மறுபடி மருத்துவரின் மூளைக்கு வந்து, அவர் ஏதாவது செய்யும்போதுதான் முடிகிறது. இயந்திரத்துக்குள் நடப்பது அந்த வட்டத்தில் ஒரு சின்னத் துண்டு.

அந்தச் சின்னத் துண்டைத்தான் நாம் கோடி கோடியாகச் செலவழித்துச் செம்மைப்படுத்தியிருக்கிறோம். இத்தாலியின் படுவா நகர மருத்துவமனையில் அவசர ஆய்வகத்தின் தவறுகளை மரியோ பிளெபானியும் பாவ்லோ கர்ராரோவும் எண்ணிப்பார்த்து 1997-ல் வெளியிட்டார்கள். 40,000-க்குச் சற்று மேற்பட்ட சோதனைகளில் 189 தவறுகள். அவற்றில் இயந்திரத்தில் நடந்தவை 13 சதவீதம்தான். சாம்பிள் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்தவை 68 சதவீதம். மிச்சம், ரிசல்ட் வெளியே போன பிறகு நடந்தவை. பத்து வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணினார்கள். மொத்தத் தவறு குறைந்திருந்தது. பங்கீடு பெரிதாக மாறவில்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். ‘மருத்துவ முடிவுகளில் 70 சதவீதம் ஆய்வக ரிப்போர்ட்டை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன’ என்ற வாசகத்தை ஆய்வகக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கலாம். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிரிட்டனைச் சேர்ந்த மைக்கேல் ஹால்வொர்த் 2011-ல் தேடிப்பார்த்தார். உறுதியான ஆய்வு எதுவும் அதற்கு அடியில் கிடைக்கவில்லை. ஆய்வகத்தின் பெருமையைச் சொல்ல ஆதாரமில்லாத எண் எதற்கு? எண்களைச் சரிபார்ப்பதுதானே அவர்கள் தொழில்.

காய்ச்சல் எத்தனையாவது நாள்?

வட்டத்தின் முதல் பாதிக்கு வருவோம். லேப் சீட்டில் ‘காய்ச்சல் தொடங்கிய தேதி’ என்று ஒரு கோடு இருக்கும். பெரும்பாலும் அது காலியாகவே ஆய்வகத்துக்கு வந்து சேரும்.

டெங்குவில் அந்தக் கோடுதான் உயிர்நாடி. காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் வைரஸின் என்.எஸ்.1 புரதத்தைத் தேட வேண்டும். ஐந்து நாள் தாண்டினால் உடம்பு உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்புப் பொருளைத் தேட வேண்டும். எட்டாவது நாளில் வந்தவருக்கு என்.எஸ்.1 மட்டும் போட்டு நெகட்டிவ் என்று வந்தால், இயந்திரம் பொய் சொல்லவில்லை, கேள்வி தப்பு. நாள் தெரிந்திருந்தால் டெக்னீஷியனே சோதனையை மாற்றியிருப்பார். கணினிக்குத் தெரிந்திருந்தால் அதுவே மாற்றியிருக்கும். தேதியைப் பார்த்துச் சோதனையைத் தேர்வு செய்ய இரண்டு வரி நிரல் போதும்.

காகிதச் சீட்டைக் கணினிக்கு மாற்றும்போது பல இடங்களில் நடப்பது வேறு. அந்தக் கோட்டைக் ‘கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்’ ஆக்கிவிடுவார்கள். ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, கட்டத்தைத் தாண்டுவதற்காக இன்றைய தேதியை அழுத்திவிட்டுப் போவார்கள். காலியான கோட்டைவிட இது மோசம். காலியாக இருந்தால் தெரியவில்லை என்றாவது புரியும். இன்றைய தேதி இருந்தால் ஆய்வகம் அதை நம்பிவிடும். யார், எந்த நேரத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டத்தை நிரப்பப்போகிறார்கள் என்று கேட்டிருந்தால், ‘1 முதல் 5 நாள்’, ‘5 நாளுக்கு மேல்’, ‘தெரியவில்லை’ என்று மூன்று பொத்தான் வைத்திருக்கலாம். வேலை முடிந்தது.

காசநோயிலும் இதே கதைதான். சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் காசநோயையும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அசையுமா என்பதையும் சொல்லிவிடும். பெரிய வரம். ஆனால் செத்த கிருமியின் மரபணுவையும் அது பிடிக்கும். அதனால் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு ஸ்மியரும் கல்ச்சரும்தான். வந்திருக்கும் சளி புதிய நோயாளியுடையதா, ஆறு மாதமாக மருந்து சாப்பிடுபவருடையதா என்று சீட்டில் இல்லாவிட்டால், குணமாகிவிட்ட ஒருவர் மறுபடி நோயாளி ஆகிவிடுவார். 2012-ல் தொடங்கிய ‘நிக்ஷய்’ என்ற காசநோய்ப் பதிவுத் தளத்தில் நோயாளிக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் பழைய விவரம் கூடவே வரும் என்பதுதான் ஏற்பாடு. எண்ணைச் சீட்டில் எழுதி அனுப்பினால்!

ஊதா ட்யூப், சிவப்பு ட்யூப்

ஆய்வகத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும்:

“சிஸ்டர், லேப்ல இருந்து பேசறேன். பதினோராம் பெட்டுக்குப் பொட்டாசியம் எட்டு புள்ளி ஒன்பது, கால்சியம் மூணுதான் வருது. ஊதா ட்யூப் ரத்தத்தை சிவப்பு ட்யூப்ல மாத்தி ஊத்திட்டாங்களா?”

“ஹவுஸ் சர்ஜன்தான் எடுத்தாரு சார். கேட்டுச் சொல்றேன், லைன்ல இருங்க.”

வெளியாருக்கு இது வசைபோலக்கூடக் கேட்கும். உள்ளே இருப்பது அருமையான துப்பறிதல். ஊதா ட்யூபில் இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே அந்த ரத்தம் ஒரு சொட்டு கலந்தாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் விழும். இரண்டும் சேர்ந்து கன்னாபின்னாவென்று வந்தால் நோயாளியைச் சந்தேகிப்பதற்கு முன் ட்யூபைச் சந்தேகிக்க வேண்டும். உண்மையான 8.9 என்றால் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம். உடனே கால்சியம் ஊசி, இன்சுலினோடு குளுக்கோஸ். பொய்யான 8.9-க்கு அதே இன்சுலினைக் கொடுத்தால், சரியாக இருந்த பொட்டாசியம் கீழே இறங்கி வேறு ஆபத்து.

அனுபவமுள்ள டெக்னீஷியனுக்கு இது மனப்பாடம். கேள்வி, அந்த மனப்பாடம் கணினிக்குள் போயிருக்கிறதா என்பதுதான். பொட்டாசியம் இந்த அளவுக்கு மேலே, கால்சியம் இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ரிசல்ட்டை வெளியே விடாதே, ஆளைக் கூப்பிடு என்று ஒரு விதி எழுதலாம். நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் வந்தால், ட்யூபில் இருப்பது வேறு ஆள் ரத்தமாக இருக்குமோ என்று கேட்கச் செய்யலாம். இந்த விதிகளை எழுத ஆய்வக ஆள் வேண்டும். எந்த அளவில் நிறுத்தினால் சிறுநீரக வார்டின் உண்மையான 7.5 தேவையில்லாமல் தாமதமாகும் என்று சொல்ல டாக்டர் வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனையும் பிரசவ ஆஸ்பத்திரியும் ஒரே எல்லையை வைத்துக்கொள்ள முடியாது. கம்பெனியில் வாங்கும்போது பெட்டியோடு வந்த எல்லையை அப்படியே வைத்திருக்கும் ஆய்வகங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆய்வகத்தின் பக்கமும் குறை உண்டு. ‘சாம்பிள் நிராகரிக்கப்பட்டது, மறுபடி அனுப்பவும்’ என்று காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்புவது, வார்டிலிருந்து கூப்பிட்டால் போனை எடுக்காமல் விடுவது, ஹீமோலைஸ் ஆன (சிவப்பணுக்கள் உடைந்துபோன) ரத்தத்தின் பொட்டாசியத்தை எந்தக் குறிப்பும் இல்லாமல் வெளியிட்டுவிடுவது எல்லாம் இங்கே சகஜம்தான்.

1.2 நார்மல்தான், ஆனால்…

இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தில் கிடைக்கிறது. சேர்ந்து உட்கார்ந்த பிறகும் எங்கே சறுக்கலாம் என்பதற்கும் அதையே ஒட்டிப் பாடம் இருக்கிறது.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், மெலிந்த ஒரு முதியவருக்கு 0.7. வயிற்றுப்போக்கோடு அட்மிட் ஆகிறார். இரண்டாம் நாள் 1.2. ரிப்போர்ட்டில் நட்சத்திரக்குறி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, 1.2 நார்மல் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அவருடைய சொந்த அளவைவிட இது 1.7 மடங்கு. ஒன்றரை மடங்கைத் தாண்டினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் முதல் கட்டம். இந்த நேரத்தில் ஒரு வலி மாத்திரையை நிறுத்தி, திரவத்தைச் சரிபார்த்தால் சிறுநீரகம் தப்பும். நார்மல் என்று விட்டால் மூன்று நாள் கழித்து டயாலிசிஸ் பேச்சு வரும்.

ஒவ்வொருவரின் பழைய எண்ணையும் நினைவில் வைத்து ஒப்பிட மனிதரால் ஆகாது, கணினியால் ஆகும். சிறுநீரக மருத்துவர்களும் உயிர்வேதியியல் ஆய்வக நிபுணர்களும் சேர்ந்து ஒரு கணக்கு முறையை வகுத்தார்கள். கடந்த 7 நாளில் வந்த மிகக் குறைந்த கிரியாட்டினினோடு ஒப்பிடு. அது இல்லையென்றால் கடந்த ஓராண்டு எண்களின் நடு அளவோடு ஒப்பிடு. எத்தனை மடங்கு என்று பார்த்து 1, 2, 3 எனக் கட்டம் சொல். 2014-ல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, மருத்துவமனை ஆய்வகங்கள் எல்லாம் 2015 மார்ச்சுக்குள் இதே ஒரே கணக்கைத் தங்கள் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. நாடு முழுக்க ஒரே கணக்கு. ஊருக்கு ஊர் மாறாத எச்சரிக்கை.

எச்சரிக்கை வந்துவிட்டால் உயிர் பிழைக்குமா? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆறு மருத்துவமனைகளில் 6,030 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குச் சிறுநீரக எச்சரிக்கை மருத்துவர் திரையில் தாவிக் குதிக்கும்; மீதிப் பேருக்கு வழக்கம்போல. ஒட்டுமொத்தமாகப் பலன் ஏதும் தெரியவில்லை. அந்த ஆறில் கல்வி மருத்துவமனை அல்லாத இரண்டில், எச்சரிக்கை போன குழுவில் மரணம் அதிகமாகவே இருந்தது. ஏன் என்று ஆய்வாளர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிரிட்டனில் ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் இன்னொரு மாதிரி செய்தார்கள். எச்சரிக்கையோடு, உடனே செய்ய வேண்டியவற்றின் சிறு பட்டியலும் மருத்துவர்கள், நர்ஸ்களுக்கான பயிற்சியும் சேர்ந்து போனது. இறப்பு விகிதம் இதிலும் குறையவில்லை. ஆனால் நோய் கவனிக்கப்படுவது கூடியது, நோயாளிகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாள்கள் குறைந்தன.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் எனக்குத் தோன்றுவது இது: திரையில் ஒரு மஞ்சள் பெட்டியை எழுப்புவது ஆய்வகமும் மருத்துவரும் பேசிக்கொள்வதற்கு ஈடாகாது. பெட்டி எழும்பிய பிறகு யார், எத்தனை மணிக்குள், எதைச் செய்வது என்று முன்கூட்டியே சேர்ந்து முடிவெடுத்த இடத்தில் மட்டும் பெட்டிக்கு மதிப்பு. இல்லாத இடத்தில் அது நாளைக்கு ஐம்பது முறை ‘ஓகே’ அழுத்தி மூடப்படும் தொந்தரவு. ‘ஏ.ஐ. எச்சரிக்கை வசதியோடு’ என்று விளம்பரத்தோடு வரும் மென்பொருளை வாங்கும் நிர்வாகங்கள் யேல் ஆய்வை ஒருமுறை படித்துவிடலாம்.

400 என்றால் எவ்வளவு?

கோவிட் அலையில் நம்மில் பலர் வாழ்க்கையில் முதல்முறையாக டி-டைமர் என்ற சோதனையின் பெயரைக் கேட்டோம். ரத்தக்கட்டி உருவாகிறதா என்று பார்ப்பது. அதை இரண்டு விதமான அலகில் சொல்வார்கள். ஒன்றில் 500 வரை சாதாரணம். இன்னொன்றில் 250-ஐ ஒட்டியே எல்லை முடிந்துவிடும். 400 என்ற எண் ஒரு கிட்டில் நிம்மதி, இன்னொரு கிட்டில் எச்சரிக்கை. சாயங்காலம் ஒரு லேபிலும் மறுநாள் வேறு லேபிலும் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ‘ஏறுகிறதே’ என்று கவலைப்பட்ட குடும்பங்களுக்கு, ஏறியது அலகாகவும் இருந்திருக்கலாம் என்று சொல்ல ஆளில்லை.

சர்க்கரையைக்கூட ஒரு லேப் ‘ஆர்.பி.எஸ்.’ என்கிறது, இன்னொன்று ‘ராண்டம் சுகர்’, மூன்றாவது ‘குளுக்கோஸ் (ஆர்)’. மனிதருக்குப் புரியும், கணினிக்கு மூன்றும் மூன்று. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் கிளெம் மெக்டொனால்ட் என்ற மருத்துவர் இந்தத் தலைவலிக்காகவே 1994-ல் ‘லாயிங்க்’ என்ற பொதுக் குறியீட்டைத் தொடங்கினார். எதை அளக்கிறோம், எந்த அலகு வகையில், எந்த நேரத்தில், எந்த மாதிரியில், எந்த முறையில் என்றெல்லாம் பார்த்து ஒவ்வொரு சோதனைக்கும் தனி எண். காசு கிடையாது, யாரும் பயன்படுத்தலாம். இந்திய அரசு 2013-ல் வெளியிட்டு 2016-ல் திருத்திய மின்னணு சுகாதாரப் பதிவுத் தரங்களில் லாயிங்க் இருக்கிறது. 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆளுக்கு 14 இலக்க ‘ஆபா’ எண்ணும் வந்துவிட்டது.

ஆனால் உங்கள் போனைத் திறந்து கடைசியாக வந்த லேப் ரிப்போர்ட்டைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பி.டி.எஃப்.தானே? அது காகிதத்தின் புகைப்படம், அவ்வளவுதான். அதிலிருந்து கிரியாட்டினினை எடுத்துப் போன வருட எண்ணோடு எந்தக் கணினியும் தானாக ஒப்பிடாது. நம் டிஜிட்டல் புரட்சியில் பெரும்பகுதி இப்போதைக்கு இந்த பி.டி.எஃப். வேகமாக வருவதுதான். ஒவ்வொரு சோதனைக்கும் சரியான குறியீட்டைப் பொருத்தும் வேலை அலுப்பானது, பெயர் வராதது. கணினித் துறை ஆளிடம் விட்டால் டி-டைமரின் இரண்டு அலகையும் ஒரே குறியீட்டில் போட்டுவிடுவார், அவர்மேல் தப்பில்லை. எந்தக் கிட் என்று டெக்னீஷியனுக்குத்தான் தெரியும். கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டருக்குத்தான் தெரியும்.

எஸ், பி, எல்

நோய்க் கண்காணிப்பு என்று வந்தால் இந்த உறவு ஊர் அளவில் விரிகிறது. பொதுச் சுகாதாரத்துக்கென்று நாட்டிலேயே முதல் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1939-ல். நோயை அரசுக்குத் தெரிவிப்பது இங்கே பழைய பழக்கம். 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மூன்று படிவங்களை வைத்தது. கிராம சுகாதார செவிலியர் சந்தேகத்தில் நிரப்புவது எஸ். மருத்துவர் அறிகுறி பார்த்து நிரப்புவது பி. ஆய்வகம் உறுதிசெய்து நிரப்புவது எல். அவை வாரம் ஒருமுறை மேலே போயின. 2021 ஏப்ரலில் இது ஐ.எச்.ஐ.பி. என்ற இணையத் தளத்துக்கு மாறியது. 18 நோய்கள் இருந்த இடத்தில் 33 நோய்கள், வாரக் கணக்கு போய் அன்றாடக் கணக்கு.

வடிவமைப்பு நேர்த்தியானது. ஆனால் பி-யும் எல்-லும் ஒரே ஆளைப் பற்றியவை என்று சேர்க்க ஒரு கொக்கி வேண்டும். பெயர் ‘செல்வி’ என்று ஒன்றிலும் ‘எஸ். செல்வி’ என்று இன்னொன்றிலும், போன் எண் மகனுடையது, முகவரி ஆஸ்பத்திரிப் பக்கத்து அக்கா வீடு என்று இருந்தால் ஒரு நோயாளி இரண்டாகலாம், அல்லது காணாமலும் போகலாம். முன்பு சொன்ன எட்டாம் நாள் என்.எஸ்.1 நெகட்டிவை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள். எல் படிவம் போகாது. வட்டாரத்தில் டெங்கு இல்லை என்று பதிவாகும். கொசு ஒழிப்பு ஊழியர்கள் புகைமருந்தோடு வேறு தெருவுக்குப் போவார்கள். சீட்டில் காலியாக விட்ட ஒரு கோடு ஒரு தெருவின் கொசுவைக் காப்பாற்றிவிட்டது.

கல்ச்சர் ரிப்போர்ட்டுகளிலும் இந்த அடையாளச் சிக்கல் புகுந்து விளையாடும். எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் இன்னும் கேட்கிறது என்று மருத்துவமனை வருடாந்திரப் பட்டியல் தயாரிக்கும்போது, ஒரு நோயாளியிடமிருந்து அந்த வருடம் கிடைத்த முதல் கிருமியை மட்டும்தான் எண்ண வேண்டும். ஒரு கிருமி வகைக்குக் குறைந்தது 30 மாதிரியாவது வேண்டும். ஓ.பி. எண் ஒன்று, ஐ.பி. எண் இன்னொன்று, ஐ.சி.யு.வில் மூன்றாவது என்று இருந்தால், மருந்துக்கு அசையாத கிருமியோடு ஒரு மாதம் கிடந்த ஒருவரே பட்டியலில் பல பேராகிவிடுவார். அந்தப் பட்டியலைப் பார்த்து மருத்துவர் அடுத்த நோயாளிக்குத் தேவைக்கு மேல் பலமான மருந்தை எழுதுவார். 1989-ல் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் ‘ஹூநெட்’ மென்பொருள் இந்தக் கணக்கைத் தானே போட்டுத்தரும். கிருமிகளின் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் நம் தேசிய வலையமைப்பும் அதைப் பயன்படுத்துகிறது. ஒரு நோயாளிக்கு ஒரு எண் என்பதை மட்டும் அதனால் கண்டுபிடித்துத் தர முடியாது.

யார் யாரிடம் பேசுவது

கடைசியில் இது படிநிலை விவகாரம். ஆய்வக டிப்ளமோ (டி.எம்.எல்.டி.) முடித்த ஓர் இளைஞர் பேராசிரியரைக் கூப்பிட்டு, “சார், இந்த ரிசல்ட் உங்க பேஷன்டுக்குப் பொருந்தலை, இன்னொரு சாம்பிள் எடுக்கலாமா” என்று எத்தனை மருத்துவமனையில் கேட்க முடியும்? கேட்டால் என்ன பதில் வரும்? மருத்துவர் ஆய்வகத்தைக் கடைபோல நினைக்கிறார்; சீட்டு கொடுத்தால் சரக்கு வர வேண்டும். ஆய்வகத்தவரும் பழகிப்போய்க் கடைக்காரர் ஆகிவிடுகிறார்கள். மென்பொருள் டெண்டர் கமிட்டியில் கணக்கு அதிகாரி இருப்பார், கணினிப் பிரிவு இருக்கும், துறைத் தலைவர்களும் இருப்பார்கள். இரவு டியூட்டி டெக்னீஷியனும் வார்டு நர்ஸும் ஹவுஸ் சர்ஜனும் இருக்கமாட்டார்கள். அந்த மென்பொருளோடு குடித்தனம் நடத்தப்போவது இந்த மூன்று பேர்தான்.

சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பத்துத் தொழில் பிரிவுகளை அங்கீகரிக்கிறது. பட்டியலில் முதல் பிரிவு மருத்துவ ஆய்வகம்; பத்தாவது, சுகாதாரத் தகவல் மேலாண்மையும் தகவலியலும். இரண்டுக்கும் இனி முறையான படிப்பும் பதிவும் அந்தஸ்தும் வர வேண்டும். வருகிறபோது அந்தப் பாடத்திட்டத்தில் வார்டு ரவுண்ட்ஸையும், எம்.பி.பி.எஸ். மாணவருக்கு ஒரு வாரமாவது ஆய்வக கவுன்ட்டர் வேலையையும் சேர்க்கச் சொல்லி மருத்துவப் பல்கலைக்கழகம் கேட்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையும் இல்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆய்வகம், வார்டு, கணினிப் பிரிவு மூன்றையும் ஒரே அறையில் உட்காரவைக்கலாம். அந்த மாதம் நிராகரித்த சாம்பிள்களின் பட்டியல், போன் செய்தும் எடுக்காத அவசர ரிசல்ட்டுகள், வார்டுத் திரையில் தெரியாமல் போன குறிப்புகள் இந்த மூன்றை மட்டும் பேசினாலே போதும். அடுத்த டெண்டரில் என்ன கேட்க வேண்டும் என்பது அந்த அறையில் தானாக எழுதப்பட்டுவிடும். பட்ஜெட்டில் பணம் கேட்க வேண்டாத சீர்திருத்தம் இது.

நோயாளிக்கும் இதில் வேலை இருக்கிறது. ரத்தம் கொடுக்கும்போது காய்ச்சல் எத்தனையாவது நாள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முடி கொட்டாமலிருக்கப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் தைராய்டு சோதனைக்கு முன் அவசியம் சொல்ல வேண்டும். சில முறைகளில் அது எண்ணையே புரட்டிப்போடும். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஊசியை எடுத்த பிறகு ட்யூபில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பாருங்கள். அதில் இருப்பது உங்கள் பெயர்தானா என்று படித்துவிட்டு எழுந்திருங்கள்.